சார்ட்டில் எழுதாத கடி

அமெரிக்காக்காரன் சார்ட்டில் கண்டனூர் எப்படி வந்தது?

அழகுசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான். நோயாளி ஆண். இடது கால் பெருவிரலில் எலிக்கடி. கடித்த இடம் என்ற கட்டத்தில், எந்த டெக்ஸாஸ் டாக்டரின் வாயிலும் நுழையாத, அவன் உட்கார்ந்திருக்கும் இதே ஊரின் பெயர். ஞாயிற்றுக்கிழமை மதியம். செட்டியார் வீட்டு முன்கட்டை வாடகைக்குப் பிடித்து, அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் கோட் எண் போட நடத்தும் மெடிக்கல் கோடிங் ஆபீஸில், டீம் லீடரான அவனைத் தவிர ஈ காக்கை கிடையாது. மூடிய ஜன்னல்களுக்குள் ஏசியின் இரைச்சலும், மூக்கைத் துளைக்கும் பினாயில் வாடையும், எங்கோ இரண்டாங்கட்டில் விளக்குமாறு தரையைச் சரக் சரக்கென்று இழுக்கும் சத்தமும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்ட ஆள் வருவதில்லை. கூட்டிக்கொண்டிருந்த கருப்பியோ செத்து ஒரு மாசம் ஆகிறது.

ஸ்டோர் ரூமைக் கூட்டும்போது எலி அவள் விரலைக் கடித்தது. காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எலி கடித்ததா என்று டாக்டர் கேட்டபோது இந்த மகராசன்தான் முந்திக்கொண்டான்.

"எங்க ஆபீஸ்ல எலியே கெடையாது டாக்டர். தகரம் கிழிச்சது."

மறுவாரம் அமெரிக்கக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள்; எலி என்று தெரிந்தால் கான்ட்ராக்ட் போய்விடும் என்ற பயம். டாக்டரும் படித்தவன் பேச்சை நம்பி அப்படியே எழுதினார்.

"உண்மையச் சொல்லுங்க சார், மருந்தை மாத்திக் குடுப்பாக" என்று அவள் புருஷன் மருது காலில் விழாத குறை.

"சார்ட்டுல எழுதாதது நடக்காததுப்பா" என்றான் அழகுசுந்தரம். கோடிங்காரர்களின் வேதவாக்கு அது. அதை வைத்து ஒருத்தியின் உயிரோடு விளையாடினான், பாவி.

இப்போது திரையைப் பார்த்து "எவனோ வெளையாடுறான்" என்று முணுமுணுத்தபடி, எலிக்கடிக்கு உரிய W53.11XA என்ற கோட் எண்ணைத் தட்டினான். என்டர்.

இடது கால் பெருவிரலில் சுருக்கென்றது.

ஷூவைக் கழற்றினான். இரண்டு சின்னத் துளைகள். ரத்தம் கசிந்தது.

அடுத்த சார்ட் தானாகத் திறந்தது. அதே நோயாளி. வலது கெண்டைக்கால். அவன் கை கீபோர்டில் இல்லை. ஆனாலும் கட்டத்துக்குள் எழுத்து எழுத்தாக அதே கோட் எண் விழுந்தது. கடைசி எழுத்து விழுந்ததும் கெண்டைக்கால் கிழிந்தது. அலறிக்கொண்டு மேசைக்கடியில் பார்த்தான். ஒன்றுமில்லை. ஈர ரோமத்தின் நாற்றம் மட்டும். ஒரு கீச்சு. சுவருக்குள் இன்னொன்று.

மூன்றாவது சார்ட். கடித்த இடம்: உடல் முழுவதும்.

கோட் எண் இன்னும் விழவில்லை. கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

நொண்டிக்கொண்டு கதவுக்கு ஓடினான். திறக்கவில்லை. வெளியே சரக் சரக். கதவருகே வந்தது. நின்றது.

"யாரு? மருதா? கதவைத் தெற! எலி கடிக்குதுய்யா!"

கண்ணாடி வளையல் குலுங்கியது.

"நம்ம ஆபீஸ்லதான் எலியே கெடையாதுன்னீகளே, சார்."

கருப்பியின் குரல்.

விளக்குமாறு மறுபடி அசைந்தது. வெளியே அல்ல. கதவுக்கு உள்ளே, எதையோ தள்ளி. கதவடியில் வெளிச்சக் கோடு கறுத்தது. ஒரு மூக்கு நுழைந்தது. பின்னால் ஒரு வால். சரக். இன்னும் நாலைந்து. சரக். சரக்.

அவனுக்குப் பின்னால், கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.