துறைமுகத்துக்கு நடந்து போ

அன்றுதான் அர்ஷாத்துக்கு முதல் நோன்பு. பின்னேர அஸர் தொழுகை வரை எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் நேரம் நகர மறுத்தது.

நெளுக்குளத்து வீட்டில் அவன் நிற்காத இடமில்லை. முற்றத்தில் சூரியனைப் பார்த்தான். குசினிக்குள் அடுப்படியை எட்டிப் பார்த்தான். மணிக்கூடு நின்றுவிட்டதோ என்று கதிரையில் ஏறிக் காதை வைத்துக் கேட்டான். அவன் வாய் கொப்பளிக்கப் போனால், தண்ணீரை விழுங்கிவிடாமல் அக்கா றிம்ஸியா பின்னாலேயே போய்க் காவல் நிற்க வேண்டியிருந்தது.

முடியாவிட்டால் தண்ணீரைக் குடி, சின்னப்பிள்ளைக்குக் குற்றமில்லை என்றார் உம்மா. அர்ஷாத்துக்கு அழுகை வந்தது. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும்போது, நோன்பு பிடித்தவர்களுக்குத்தான் பாயில் இடம். மற்றச் சிறுவர்கள் வாளியில் கஞ்சியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும். இன்று வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரப்போவதாக அவன் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

றிம்ஸியா அவனைக் கணினிக்கு முன்னால் இருத்தினாள். அது ஒரு பெரிய நாட்டில் ஊர் ஊராகச் சுற்றும் விளையாட்டு. வரைபடத்தில் ஊரின் பெயரைத் தட்டினால் அதில் வரும் பயணி அடுத்த நொடியே அங்கே நிற்பான்.

அர்ஷாத் தட்டினான், வைத்தியருக்கு மூலிகை கொடுத்தான். தட்டினான், தொலைந்த ஆட்டைப் பிடித்தான். தட்டத் தட்ட விளையாட்டுக்குள் சூரியன் உதித்து மறைந்தது.

"அங்க மஃரிப் ஆகிட்டுது, ராத்தா. இங்க மட்டும் ஏன் ஆகுதில்ல?"

மௌசைத் தள்ளிவிட்டு நேரே தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தான்.

றிம்ஸியாவுக்கும் நோன்புதான். தலை வலித்தது. தம்பியோடு மல்லுக்கட்டவும் தெம்பில்லை. ஆனாலும் யோசித்தாள். தட்டினால் அங்கே ஒரு பகல் ஓடுகிறது, இங்கே ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை.

"அடுத்தது எங்க போகோணும்?" என்று கேட்டாள்.

"துறைமுகத்துக்கு. அது மற்றக் கரையில."

"வரைபடத்தைத் தொடாத. நடந்து போ."

"நடந்தா எப்ப போய்ச் சேருறது?"

"அதுக்குத்தான் சொல்றன்."

அர்ஷாத் முறைத்தான். ஆனாலும் திரும்பி வந்து உட்கார்ந்தான். பயணி காட்டுப்பாதையில் இறங்கினான். ஒரு நரி குறுக்கே ஓடியது. பாலம் உடைந்திருந்ததால் ஆற்றைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கிணற்றடியில் பயணி குனிந்து தண்ணீர் குடித்தபோது அர்ஷாத் திகைத்துப்போனான்.

"ராத்தா, இவர் நோன்பை முறிச்சிட்டார்."

"அவருக்கு நோன்பில்ல. நீ நட."

மலைச்சரிவில் வழி தவறினார்கள். எந்தப் பக்கம் போவதென்று இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். றிம்ஸியா சொன்ன பக்கம் முழுக்க முள்ளுப் பற்றை. அர்ஷாத் விழுந்து விழுந்து சிரித்தான். குடத்தை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

தூரத்தில் கப்பல்களின் பாய்மரங்கள் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து வாப்பா தொப்பியோடு வாசலில் வந்து நின்று, பாங்குக்கு நேரமாகிறது, வா மகன் என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ, வாப்பா. கிட்ட வந்திட்டன்."

வாப்பா பொறுக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

பாங்கு கேட்டதும் றிம்ஸியா பேரீச்சம்பழத்தோடு நோன்பைத் திறந்தாள். தொழுதுவிட்டுக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்தத் துறைமுகத்தில் என்னதான் இருக்கிறது என்று அவளுக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

அப்போது அர்ஷாத் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தான். வாப்பாவுக்குப் பக்கத்தில், பாயின் நடுவில் இருந்தானாம். கஞ்சிக் கோப்பையும் பெரியவர்களுடையதுதானாம்.

"நாளைக்கும் நோன்பு பிடிப்பன், ராத்தா. அதுவரைக்கும் நீங்க துறைமுகத்துக்குப் போகக்கூடாது."

றிம்ஸியா மௌசிலிருந்து கையை எடுத்தாள்.