இரண்டு முன்பற்கள்

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கைக்குட்டையில் சுற்றிய பல் அச்சு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள். மாடியில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார். குடியிருப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஷரத்து. குழாய் ஒழுகுகிறது என்று போய் நின்றால்கூட, ஒப்பந்தத்தில் அது எந்த ஷரத்தில் வருகிறது என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுகிற ஆசாமி.

கீழே இருந்த ஒற்றை அறைக்கு அவள் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஒப்பந்தமோ பதினோரு மாதத்துக்கு. வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அக்கா வீட்டில் வளரும் எட்டு வயது மகள் அன்றைக்கு அம்மாவோடு இருக்க வருகிறாள். அதற்குள் வேறு இடம் போயாக வேண்டும். இடமும் பார்த்தாயிற்று. ஆனால் இவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் அங்கே சாவி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"மறுபடியும் அதே பேச்சாம்மா? ஏழாவது ஷரத்து. நடுவுல போறதா இருந்தா, உன் இடத்துக்கு ஒரு ஆளை விட்டுட்டுப் போ. ரூம் ஒரு நாள்கூடக் காலியா இருக்கக் கூடாது."

"ஆள் இருக்கா சார். கூட வேலை செய்யற பொண்ணு ரூம் தேடிக்கிட்டுதான் இருக்கா. அவளைக் கொண்டுவந்து அங்க விட எனக்கு மனசு வரலை."

"ஏன், ரூமுக்கு என்ன குறைச்சல்?"

அவள் கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

வந்த முதல் வாரமே சோப்பின் ஒரு ஓரம் கடிபட்டிருந்தது. எலி என்று நினைத்துத் தூக்கிப் போட்டாள். அடுத்த சோப்பும் அப்படியே. பிறகு மெழுகுவத்தி. பிறகு மரக்கரண்டியின் காம்பு. பல்செட் செய்யும் லேபில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு எலிப்பல் எது, மனிதப்பல் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது மேல்வரிசை. வயதான வாய். நடுவில் இரண்டு பற்கள் இல்லை.

லீவு நாளில், ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருக்கும்போதே, சுவரோரத்தில் மெல்லும் சத்தம் கேட்கும். ஈரமான, அவசரமில்லாத சத்தம். கூடவே நாள்கணக்கில் கொப்பளிக்காத வாயின் வாடை. லேபில் அந்த வாடை அவளுக்குப் பழக்கம்தான். வீட்டில், தலையணைக்குப் பக்கத்தில் அது வந்தபோது எழுந்து தெருவுக்கே ஓடிவிட்டாள்.

வாய் இருந்தது. ஆள் இல்லை.

வெறும் வாயால் சொன்னால் ஷரத்து நம்பமாட்டார் என்றுதான், சோப்பில் பதிந்திருந்த கடியில் பிளாஸ்டர் ஊற்றி இந்த அச்சை எடுத்தாள்.

அவர் அச்சைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முகம் வெளுத்துப்போனது.

"இந்தக் கோணப்பல்லு... என் சம்சாரம்மா இது." குரல் இறங்கிவிட்டது. "ஆனா முன்னாடி இந்த ரெண்டு பல்லு அவளுக்கு ஏது?"

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அச்சின் ஓரங்களைச் சீவுவதற்காக நேற்று லேபுக்குக் கொண்டுபோயிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரியிடம் பேசிக்கொண்டே வேலை பார்த்தாள். பற்களுக்கு நடுவே இடைவெளியைக் கண்டால் இவள் கை சும்மா இருக்காது. மெழுகு வைத்து, நிறம் பார்த்து, இரண்டு பற்களை உட்கார்த்திவிட்டாள்.

"பழக்க தோஷம் சார். தெரியாம கட்டிட்டேன்."

"பாத்ரூம்ல விழுந்து ரெண்டும் போச்சு. பல்லு கட்டிக் குடுங்கன்னு நடையா நடந்தா. இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறேன்னு கேட்டேன். அப்புறம் வீம்புக்குச் சாப்பிடறதையே நிறுத்திட்டா. அந்த ரூம்லதான்மா கிடந்து உயிரை விட்டா."

சட்டைக் கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தழும்புகள். ஒவ்வொன்றும் பிறை மாதிரி வளைந்திருந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் இரண்டு பல் அகலத்துக்குத் தோல் சுத்தமாக இருந்தது.

"ரூம்ல ஆள் இருந்தா அங்கயே இருப்பா. காலியா இருந்தா மேல வந்துடுவா. இத்தனை நாளா கவ்வத்தான் முடிஞ்சுது. சதையைக் கடிச்சு எடுக்க முடியலை."

கிசுகிசுப்பாக, அவள் பக்கம் குனிந்து சொன்னார்.

"இப்ப முடியும்."

அவள் அச்சைப் பிடுங்கி, அந்த இரண்டு பற்களையும் கட்டைவிரலால் நெம்பினாள். வெறும் மெழுகில் ஒட்டியவை. நகம் பட்டாலே பெயர்ந்துவிட வேண்டியவை.

அசையவில்லை.

கீழே, அவள் அறையில், எதுவோ நடுவே இரண்டாக முறிந்தது.

"ஷரத்தைத் தூக்கிக் குப்பையில போடு தாயி," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வாடகையே வேண்டாம். போகாதே."

"குழந்தை வருது சார்," என்றாள். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை. அச்சை மேசைமேலேயே போட்டுவிட்டு, அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் லேப் தோழியின் வீட்டுக்குப் போய்விட்டாள். புதன் இரவும் வியாழன் முழுவதும் அறை காலியாகவே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை, தானே எழுதிய கடிதத்தோடு மறுபடி படியேறினாள். கெஞ்சுவதா, சண்டை பிடிப்பதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

இரண்டுக்கும் வேலை இருக்கவில்லை. முதல் தட்டலிலேயே கதவு திறந்தது. அவர் வலது கை முழுக்கத் துண்டு சுற்றியிருந்தது. துண்டு சிவந்து, சில இடங்களில் காய்ந்து கறுத்திருந்தது. துண்டுக்குள் இருந்தது ஒரு முழுக் கையின் நீளத்துக்கு இல்லை.

கடிதத்தை வாங்கிச் சுவரில் வைத்து, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் வலி இல்லை. பல நாள் காய்ச்சல் விட்டவர் மாதிரி தெளிவாக இருந்தார்.

"இப்ப நல்லா சாப்பிடுறாம்மா," என்றார்.

அவள் கை நீட்டினாள். அவர் உடனே கொடுக்கவில்லை. கடிதத்தைக் கதவுக்குப் பின்னால், இருட்டுப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் படித்து முடிக்கும் நேரம் வரை பொறுமையாக நின்றார். அந்த வாடை வாசல்வரை வந்தது.

"ரெண்டு பல்லும் ஒரு நூல் உயரமா இருக்காம். ராவிக் குடுக்கணுமாம்."

"நான் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன் சார்."

"நீ எதுக்கும்மா வரணும்?" என்று கடிதத்தை அவள் கையில் வைத்தார். "புது விலாசம்தான் இதுல எழுதியிருக்கியே."