சாயலை எடுத்துவிடு

இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது. கடுகளவு இடைவெளிதான். கணவன் வரைந்த சிறுமியை அனிமேஷன் மென்பொருளுக்குள் இறக்கியதும் அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

அவளுக்கு இது புதிதல்ல. வரைகிற மென்பொருளில் வழுவழுவென்றிருக்கும் கோடு, ஆட வைக்கிற மென்பொருளுக்கு வந்து சேரும்போது எங்காவது அறுந்துபோகும். தோளிலிருந்து சுழல வேண்டிய கை தொப்புளைச் சுற்றிச் சுழலும். அடுக்கடுக்கான லேயர்களில் மறைத்து வைத்த கண்டதும் கடியதும் கூடவே வந்து நிற்கும். அவன் வரைவான், அவள் ஆட்டி வைப்பாள். "வீட்டுலயும் அதே கதைதான்" என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

பெரிதாக்கிப் பார்த்தாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காத வகைப் படம் அது. கோடு அறுந்திருக்கவில்லை. இடைவெளி வேண்டுமென்றே வரையப்பட்டிருந்தது. ஓரத்தில், தையல் போட்டு ஆறிய தோல்போல ஒரு சுருக்கம்.

அந்தப் புருவம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சைக்கிளிலிருந்து விழுந்த மகளை மடியில் கிடத்தி, டாக்டர் தைத்து முடிக்கும்வரை அந்தத் தலையை இறுகப் பிடித்திருந்தவள் அவள்தான்.

சுள்ளென்று ஏறியது கோபம். இருமல் மருந்து விளம்பரம். பஸ்ஸின் முதுகிலும் மருந்துக்கடைக் கண்ணாடியிலும் ஆறு மாதத்துக்கு அந்த முகம் ஒட்டியிருக்கும். யாரை வேண்டுமானாலும் வரை, வீட்டுப் பிள்ளையை விற்காதே என்று தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தாள். அவள் அவனை 'நீங்க' என்றால் சண்டை என்று அர்த்தம். மற்ற நேரங்களில் அந்த வீட்டில் மரியாதைக்கு இடமில்லை.

"உங்களுக்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா?"

"என்ன மூஞ்சி?" ஆபீஸ் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான். சனிக்கிழமையும் அவனுக்கு வேலை.

"வண்டு மூஞ்சி. ஊர் பூரா என் பொண்ணு இருமணுமா?"

"ஒரு சாயல்தானே. அப்பன் கையில வேற என்ன வரும்?"

"புருவத் தழும்பு சாயலா? பின் கழுத்து மச்சம் சாயலா?"

"மச்சமா? நான் முன்பக்கம்தானே வரைஞ்சேன்."

"பொய் வேற. லேயர் இருக்கு, பார்த்துட்டுதான் பேசறேன்."

"அவ்ளோ உறுத்தினா சாயலை எடுத்துவிடு. தாயே, ஆளை விடு." வைத்துவிட்டான்.

எடுத்துவிடுகிறேன் பார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இறக்கிய பிரதியைத் திருத்திப் புண்ணியமில்லை. அது மூலப் படத்தோடு இணைக்கப்பட்டது, அங்கே என்ன மாறினாலும் இங்கேயும் மாறிவிடும். மூலப் படமோ ஆபீஸ் பொதுச் சேமிப்பில் இருந்தது. இரண்டு பேருமே திறக்கலாம். அவள் அதையே திறந்தாள்.

திரையில் வெயில் பட்டுக் கண் கூசாமலிருக்க ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்த அந்த அறையில் சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி வாடை தேங்கி நின்றது. மின்விசிறியின் கடகடப்புக்கு மேல், கூடத்தில் மகள் பொம்மையோடு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பது கேட்டபடி இருந்தது. ஓயாமல் பேசுகிற அந்த வாய்க்காகத்தான் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். கூப்பிடும்போது வண்டு.

புருவத்தின் இரு முனைகளையும் இழுத்து ஒட்டினாள். பின் கழுத்தை மட்டும் வைத்திருந்த, யாருக்கும் தெரியப்போகாத லேயரில் இருந்த மச்சத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில் பெயரில்லாத ஒரு லேயர் கிடந்தது. காலடியிலிருந்து நீளும் நிழல். நிழலே வேண்டாம் என்று மருந்துக் கம்பெனிக்காரன் முதல் நாளே சொல்லியிருந்தான். இது வேறயா என்று முனகிக்கொண்டே அதையும் நீக்கினாள். சேமித்தாள். மூடினாள்.

இப்போது அது யாரோ பெற்ற பிள்ளை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அம்மா, பொம்மைக்கு இருமலாம். மருந்து குடு."

மகள் நாற்காலிக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்தாள். "போடி, வேலை இருக்கு" என்று சொல்லத் திரும்பினாள். திரை வெளிச்சத்தில் பிள்ளையின் இடது புருவம் முழுசாக இருந்தது.

கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். மை எதுவும் இல்லை. முடி. வரிசையாக, அடர்த்தியாக, தழும்பே அறியாத முடி.

"வலிக்குதும்மா!"

"திரும்பு."

"ஏன்?"

"திரும்புடி!"

கூந்தலை ஒதுக்கினாள். பின் கழுத்து வெறும் தோலாக இருந்தது. பிறந்த அன்றைக்கே அவள் உதடு தேடிப் பிடித்த இடம் அது.

வண்டு கோபித்துக்கொண்டு கீழே குதித்து, பொம்மையின் ஒரு காலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கூடத்துக்கு நடந்தாள். கூடத்து ஜன்னலுக்குத் திரை இல்லை. மதிய வெயில் தரையில் பாய் விரித்ததுபோல் கிடந்தது. வண்டு அதன் நடுவில் நின்றாள்.

தரையில் பொம்மையின் நிழல் மட்டும் விழுந்தது. தலைகீழாக. எதுவும் பிடிக்காமல், அந்தரத்தில் ஆடிக்கொண்டு.

அவள் நாற்காலிக்கு ஓடினாள். படத்தைத் திரும்பத் திறந்தாள். பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது. மூடித் திறந்த படத்துக்கு முன்கதை கிடையாது. இதை அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!

போட்டு வைப்போம். இருந்ததைப் போலவே போட்டு வைப்போம். பின் கழுத்தில் ஒரு புள்ளி வைத்தாள். சேமித்தாள்.

"ஆ!" கூடத்திலிருந்து அலறல். "யாரும்மா குத்துனது?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். மச்சம் இல்லை. கருப்பு வட்டம். திரையில் வைத்தது போலவே, எந்தத் தோலிலும் இல்லாத கறாரான வட்டம். விளிம்பில் மெல்லிய புகை. தீய்ந்த மயிரின் வாடை.

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல. இங்கயே இரு."

இனி தொடக் கூடாது. யாரும் தொடக் கூடாது. பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் மேஜை மேலிருந்த போன் அடித்தது. ஓடினாள்.

"ஃபைலை என்ன பண்ணி வச்சிருக்க?" அவன் குரல் கொதித்தது. "திறந்து பார்த்தா குழந்தை மாதிரியே இல்ல. ஏதோ கழுத்து லேயர்ல தார் வேற."

"டேய், மூடு. அதை மூடு."

"எதுக்கு மூடணும்? உன் இஷ்டத்துக்கு என் படத்தை அறுப்ப, நான் வாயைப் பொத்திக்கணும்?"

"கால்ல விழறேன்டா. கையை எடு. எதையும் தொடாத. வண்டுக்கு..."

"வண்டு, வண்டு! காலையிலேர்ந்து அதே பாட்டு. நான் என்ன புள்ளை பிடிக்கிறவனா? எம்பொண்ணு இல்லையா அவ?"

"நான் சொல்றதைக் கேளு. படத்துல எடுக்கறது எல்லாம்..."

"நீ சொன்னது கேட்டாச்சு. இந்த மூஞ்சிதானே உனக்குப் பிரச்சனை?"

"இல்ல. இல்லடா. மூஞ்சி வேணும். வேணும்!"

மறுமுனையில் விசை ஒன்று தட்டப்பட்டது. பிறகு இன்னொன்று. அவன் கோபத்தில் தட்டினால் மேஜையே அதிரும்.

"எடுத்துட்டேன். மொத்தமா. சேவ் பண்ணியாச்சு. மத்தியானத்துக்கு மேல புதுசா ஒண்ணு வரையறேன், போதுமா?"

அவள் முன்னால் திரை ஒரு முறை சிமிட்டியது. இணைத்த படம் தானே புதுப்பித்துக்கொண்டது. கழுத்துக்கு மேல் முடி. முடிக்கு நடுவே தோல் நிறத்தில் ஒரு முட்டை.

கூடத்தில் "அம்..." என்று தொடங்கியது.

நின்றது.

அறை வாசல்வரை காலடி வந்தது. சின்னக் காலடி. எங்கோ இடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு.

"ஏன் பேச மாட்டேங்கற? ஹலோ? இப்ப சந்தோஷம்தானே?"

திரும்பினாள்.

வண்டு நின்றிருந்தாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரே வழவழப்பு. மேடில்லை, பள்ளமில்லை. பொம்மையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் அந்த வழவழப்பின் மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்கியது. வாய் இருந்த இடத்தில் தோல் மெல்ல உள்ளே போய், குழிந்து, அப்படியே நின்றது.