தகரக் குழாயில் அடித்தது யார்?

சனிக்கிழமை, காலை ஆறு மணி. ரொறன்ரோவில், ரூஜ் பக்கத்து ஒரு வீட்டில், சூடான காற்றுப் போகும் தகரக் குழாயில் 'டாங்' என்று ஓர் அடி விழுந்தது. அடுத்த நிமிடமே வீட்டுக்காரி யோகமலர் அன்ரி நிலத்தடிப் பேஸ்மென்ற் படியில் நின்றார்.

"கையும் களவுமாப் பிடிச்சிட்டன். இந்த மாதக் கடைசியோட அறையை விட்டிடும், பிள்ளை."

அங்கே வாடகைக்கு இருக்கும் ரிஃப்னா அப்போதுதான் சுபஹு தொழுது முடித்துப் பாயை மடித்துக்கொண்டிருந்தாள். கையில் கூட்டுகிற தும்புத்தடியும் இல்லை, சுத்தியலும் இல்லை.

"நான் அடிக்கேல்லை, அன்ரி."

"வேற ஆர் இருக்கினம் இந்த வீட்டிலை?"

கேள்வி நியாயமானதுதான். வேறு ஈ காக்கை கிடையாது. அன்ரியின் கணவர் நவரட்ணம் அங்கிள் ஐப்பசியில் கண்ணை மூடிவிட்டார். மகள் வன்கூவரில். ரிஃப்னாவின் சனமெல்லாம் மன்னாரில். ரொறன்ரோ வந்த நாள் முதல் "சாப்பிட்டனீரே, பிள்ளை?" என்று அவளைக் கேட்ட ஒரே ஆள் இந்த அன்ரிதான். அங்கிள் போனபின் அதுவும் நின்றுவிட்டது. இந்த அறை போனால் வேறோர் அறை கிடைக்கும்; அந்தக் கேள்வி கிடைக்காது.

ஆனால் அவள் செய்யும் வேலை என்ன தெரியுமோ? பெரிய கடையொன்றில் களவு பிடிப்பது. ஊரார் களவைப் பிடிக்கிறவள், தன் தலையில் விழுந்த பழியைச் சும்மா விடுவாளா?

"கொஞ்சம் கேள்வி கேக்கட்டே, அன்ரி?"

"கேளுமன்."

"சத்தம் எப்ப தொடங்கினது?"

"இவரின்ரை முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட. குளிருது எண்டு நீர் முகத்தை நீட்டின கிழமை."

"ஒரு அடிதானோ?"

"முதல் ஒண்டு பெரிசா. கொஞ்சம் பொறுத்து இன்னொண்டு, மெல்லிசா."

"விடியிறதிலை மட்டுமோ?"

"பகலிலையும்தான். ஆனால் ஆறு மணிக்குத் தப்பாது. அந்த நேரம்தானே உம்மடை லைற் எரியுது."

"பகலிலை நான் வேலையிலை நிக்கிறனான்."

அன்ரி பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆறு மணிக்கு எழும்புவது தான் மட்டுமல்ல என்பது ரிஃப்னாவுக்குத் தெரியும். அவளுடைய அறைக்குப் பக்கத்தில்தான் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ். அங்கிள் வேலைக்குப் போன காலத்தில், விடிய ஆறு மணிக்கு வீடு சூடேறும்படி வைத்திருந்தார். அவர் போனபிறகும் அது சொன்ன சொல் தவறாமல் எழும்புகிறது.

"மேலை ஒருக்காப் பாப்பம், வாங்கோ."

குசினியில், அடுப்புக்குப் பக்கத்துத் தரைத் துவாரத்தால் சூடான காற்று 'உஸ்' என்று சீறி வந்தது. ரிஃப்னா மகளின் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர்; தரைத் துவாரம் மூடிக் கிடந்தது, மற்ற அறைகளிலும் அப்படித்தான். கடைசியில் சாமியறை. அங்கிளின் படம், அதன் முன்னே தரையில் எரியும் ஒரு குத்துவிளக்கு, பக்கத்தில் தடித்த பாய்.

கீழே ஃபேர்னஸ் மறுபடி உறுமியது. 'டாங்.' அன்ரி திடுக்கிட்டார். ரிஃப்னா கீழே இல்லை, அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் பார்த்தது விளக்கை மட்டும். சுடர் இம்மியும் அசையவில்லை.

"வீடு முழுக்கக் காத்து அடிக்குது. விளக்கு ஏன் அசையேல்லை, அன்ரி?"

"அணையக்கூடாதெல்லே?"

ரிஃப்னா பாயைத் தூக்கினாள். அதன் கீழே காற்றுத் துவாரம். அதற்குள் மடித்து இறுக்கியிருந்தது அங்கிளின் வேட்டி.

"அடிச்ச ஆளைப் பிடிச்சிட்டன். நீங்கள்தான்."

"எனக்கென்ன விசரே?"

"விளக்குக்காக இதை அடைச்சியள். மகளின்ரை அறையிலையும் மற்ற அறையளிலையும் துவாரத்தை மூடினியள்."

"ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு?"

"அங்கைதான் பிழை. ஃபேர்னஸ் அதே காத்தைத்தான் தள்ளும். போக வழியில்லாட்டித் தகரம் வெளியாலை புடைக்கும், அது பெரிய அடி. காத்து நிண்டதும் பழையபடி உள்ளுக்கை மடங்கும், அது சின்ன அடி."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஆனால் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது.

"பகலிலை நான் இல்லையெண்டு தெரிஞ்சும் ஏன் என்னைச் சொன்னியள்?"

அன்ரி வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முப்பத்தொண்டு முடிஞ்சவுடனை தட்டத் தொடங்கிச்சுது. நீர் இல்லாட்டி, இவர்தான் தட்டுறார் எண்டெல்லே நான் நினைக்க வேணும். தனிய இருந்து அதை எப்பிடி நினைக்கிறது, பிள்ளை?"

இருவருமாக எல்லாத் துவாரங்களையும் திறந்தார்கள். படத்தையும் விளக்கையும் காற்றுப் படாத மூலைக்கு மாற்றினார்கள். ஃபேர்னஸ் மறுபடி எழும்பியது. சத்தமே இல்லை. வீடு அப்படியே அடங்கிப்போனது. சத்தம் நின்றது அன்ரிக்குச் சந்தோசமாகத் தெரியவில்லை. அறையை விடும் கதையை அவர் எடுக்கவில்லை, ரிஃப்னாவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. ரிஃப்னா தொழுது முடித்துக் காதைக் கொடுத்தாள். காற்று மட்டும் மெல்லப் போனது. மேலே ஒரு கதிரை இழுபடும் ஓசை, பிறகு ஒன்றுமில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தும்புத்தடியை எடுத்தாள். தன்மேல் சுமத்திய குற்றத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் செய்தாள்.

டாங்.

அடைப்பு எடுத்த குழாய் வழியே சூடான காற்றோடு அன்ரியின் குரல் இறங்கி வந்தது.

"சாப்பிட்டனீரே, பிள்ளை?"