இன்னும் இரண்டு சதவீதம்

நான்காம் மாடியை ஏறி முடித்தபோது மணி இரண்டு நாற்பது. லிஃப்ட் பழுது என்று கீழே ஒட்டியிருந்த காகிதமே லிஃப்டைவிட முதியதாகத் தெரிந்தது. படிக்கட்டில் பழைய சுண்ணாம்பும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. கடைசிக் கதவில் ஒரு சிறு பலகை தொங்கியது: ‘துணி தைத்துத் தரப்படும். அவசரப்படுத்தக் கூடாது.’

கதவைத் திறந்தவளை நான் முன்பின் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்குப் பின்னாலிருந்து வந்த மின்விசிறியின் ஓசையை ஆறு ஆண்டுகளாக அறிவேன். மூன்று சுற்றுக்கு ஒரு ‘டிக்’. ஒவ்வொரு ஞாயிறும் அவள் அண்ணனின் குரலுக்கு அடியில் அந்த ‘டிக்’ என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

“தலைவி அக்காவா?”

“ஆமா.”

“ஆள் பெரிசா இருப்பீங்கன்னு நெனச்சேன். அண்ணன் உங்களுக்கு அப்படிப் பயப்படுவான்.”

பயந்தவன் ஒரு நாளும் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. நில் என்றால் ஓடுவான். ஓடு என்றால் ஏன் என்பான். என் சொல்லை அவன் கேட்டது ஒரே ஒரு முறை.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது என் தொழில். ஞாயிறு பிற்பகல்களில் மட்டும் நான் தலைவி. பத்து ஊர்களில் இருக்கும் பத்துப் பேர் மூன்று மணிக்குக் கணினியில் கூடுவோம். விளையாட்டுக்குள் ஒரு குகையில் இறங்கி, ஓர் அரக்கனை வீழ்த்துவோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. காதில் மாட்டிய கருவியில் குரல் மட்டும். காயம்பட்டவர்களுக்கு உயிரூட்டும் வேலை, குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக்கான இவள் அண்ணனுடையது. புண்ணில் வைக்கும் பொருளின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தோம்: பஞ்சு.

குழுவில் என் விதி ஒன்று உண்டு. களத்தில் வீழ்ந்தவர், நான் ‘போகலாம்’ என்று சொல்லும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழக் கூடாது. இடையில் ஒருவர் வெளியேறினால் ஆட்டம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும்; மற்ற ஒன்பது பேரின் உழைப்பும் வீண்.

பஞ்சு இறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த நாற்காலியிலேயே இறந்தான்.

போட்டிக்குக் கொடுத்திருந்த பத்துப் பெயர்களில் ஒன்றை நீக்கினாலும் குழு வெளியே. எனவே அவன் பெயரை நீக்காமல் விட்டோம். அன்பினால் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டாம் ஞாயிறு, திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. தங்கை விளையாடுகிறாள் போலும் என்று நாங்களே முடிவுகட்டினோம். யாரும் கேட்கவில்லை. காலிறுதியில் வென்றோம். அரையிறுதியில் வென்றோம். வென்றுகொண்டிருப்பவர்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, நான் விளையாடல. என் கைதான் விளையாடுது.”

அவளுக்கு உதவவே வந்தேன். நான்கு மணிக்கு இறுதிப் போட்டி என்பதால் மடிக்கணினியையும் எடுத்து வந்தேன். மறைக்க விரும்பவில்லை.

தையல் எந்திரத்துக்கு எதிரே உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “முதல் வாரம் கால் மணி நேரம். சரி, கண்ணசந்துட்டோம்னு நெனச்சேன். அப்புறம் ஒரு மணி நேரம். போன வாரம் மூணு மணிக்கு நூல் கோத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு முழிச்சா மணி எட்டு. அண்ணன் நாற்காலியில உக்காந்திருக்கேன். விரல் எல்லாம் வீங்கியிருக்கு.”

“ரூமைப் பூட்டலாமே?”

“பூட்டி, சாவிய கீழ் வீட்டு அம்மாகிட்ட குடுத்தேன். முழிச்சப்ப சாவி என் இடுப்புல இருக்கு. அந்தம்மாகிட்ட கேட்டா, ‘நீதானேம்மா சிரிச்சுக்கிட்டே வந்து வாங்கிட்டுப் போன’ங்கறாங்க.” அவள் தன் கைகளைப் பார்த்தாள். “கம்ப்யூட்டரை ஒடச்சிடலாம்னு சுத்தியல் எடுத்தேன். கை தூக்கவே மாட்டேங்குது. இன்னைக்கு எத்தன மணி நேரம்னு தெரியலக்கா. திரும்பி வருவேனான்னும்…”

சொல் பாதியில் நின்றது.

மணி மூன்று.

பக்கத்து அறையில் கணினி தானாக உயிர்பெறும் முனகல் கேட்டது. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள், ஒழுங்காக, வேலை முடிந்தவளைப் போல. எழுந்தாள். நான் தோளைப் பிடித்தேன். ஓடும் பேருந்தைப் பிடித்ததுபோல் இழுபட்டுப் பின்னால் போனேன்.

அறையில் சன்னல் திறந்திருந்தது. வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கழுவும் சத்தம். பயப்படுவதற்கு ஏற்ற நேரமே அல்ல அது. இருந்தும் அந்த அறை குளிர்ந்திருந்தது. நெடுநாள் திறக்காத குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

அவள் நாற்காலியில் அமர்ந்தாள். கண் திறந்திருந்தது. விரல்கள் விசைகளின் மேல் இறங்கின.

ஒலிபெருக்கியில் எங்கள் ஆட்களின் குரல் வந்தது. நான் வெளியே போகும் நாள்களில் வருகை எடுப்பவர் பீரங்கி அண்ணன். நகரப் பேருந்து ஓட்டுபவர்.

“எல்லாரும் பேரைச் சொல்லுங்கப்பா. முனிவர்?”

“இருக்கேண்ணே. காலைலேர்ந்து நாலு பேர்கிட்ட திட்டு வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்.” ஓயாமல் பேசுவதால் முனிவர் என்று பெயர், தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்பது வேலை.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிறகு பீரங்கி அண்ணன் கேட்டார்.

“பஞ்சு?”

அவள் வாய் திறந்தது.

“இருக்கேன்.”

குரல் அவளுடையது. அதற்கு முன்னால் வந்த இருமல் அவளுடையதன்று. இரண்டு குட்டை, ஒன்று நெட்டை. ஆறு ஆண்டுகள் கேட்ட இருமல்.

நான் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினேன்.

“நான்தான் பேசறேன். பஞ்சு வீட்டுல இருக்கேன். யாரும் குகைக்குள்ள போகாதீங்க.”

“தலைவி! வீட்டுக்கே போய் கூட்டிட்டு வர்றியா? இதுதான்யா தலைமை!” என்றார் முனிவர்.

“பஞ்சு,” என்றேன். நாற்பத்திரண்டு நாள் தாமதமாக, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “போகலாம்.”

விரல்கள் நின்றன. அவள் தலை என் பக்கம் திரும்பவில்லை.

“அரக்கனுக்கு இன்னும் ரெண்டு பர்சென்ட் உயிர்தான், தலைவி. படுத்தே இரு. நான் சொல்றப்போ போ.”

அது என் வாக்கியம். பெயரைத் தவிர ஒரு சொல்லும் மாறவில்லை.

ஒலிவாங்கியை வாயருகே இழுத்தேன்.

“அண்ணே, கேட்டுக்குங்க,” என்றேன். “அன்னைக்கு நீங்க எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தீங்க. அவன் என்கிட்ட தனியா சொன்னான். நெஞ்சு சரியில்ல, கொஞ்சம் எழுந்து போறேன்னு. நான்தான் இருக்கச் சொன்னேன். இப்ப இவ வாயிலேர்ந்து வந்ததே, அதைத்தான் சொன்னேன்.”

மின்விசிறி ‘டிக்’ என்றது.

“எப்பவும் பேச்சு கேக்காதவன், அன்னைக்குக் கேட்டான்.”

பீரங்கி அண்ணன் கேட்டார். “இப்ப பேசுனது யாரும்மா?”

“தெரியாது. ஆனா இந்தப் பொண்ணு இல்ல. ஒவ்வொரு வாரமும் இவள இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்குது. இன்னைக்கு நாம ஆடினா, திருப்பித் தராது.”

திரையில் பஞ்சுவின் பாத்திரம் வெள்ளை அங்கியோடு குகை வாயிலில் நின்றது. மற்ற எட்டுப் பேரும் அதற்கு முன்னால். அது மெல்லத் திரும்பி, திரைக்கு வெளியே என்னைப் பார்த்தது. அப்படிப் பார்க்கும் அசைவு அந்த விளையாட்டில் கிடையாது.

நான் மடிக்கணினியைத் திறந்து உறுப்பினர் பட்டியலை எடுத்தேன்.

“அவன் பேரை எடுக்கப் போறேன்.”

“தலைவி, ஒரு வருஷம்!” என்று முனிவர் அலறினார். “ஒரு வருஷமா லீவு போட்டு, வீட்டுல திட்டு வாங்கி… பேரை எடுத்தா நாம இறுதிப் போட்டியிலயே இல்ல!”

“தெரியும்.”

“செத்தவனக் குழுவ விட்டுத் தொரத்துவியா?”

“தொரத்துவேன். அவன் தங்கச்சி பொழைக்கட்டும்.”

பீரங்கி அண்ணன் குரல் வந்தது. “அழுத்தும்மா. கோப்பை இல்லாம இத்தன வருஷம் பஸ் ஓட்டலயா நான்?”

‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். பெட்டி ஒன்று திறந்தது. காரணத்தைக் குறிப்பிடவும்.

அப்போது அவள் கை என் மணிக்கட்டைப் பற்றியது.

அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடக்கை விசைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. வலக்கை மட்டும் என் எலும்பைத் தேடி இறுகியது. தையற்காரியின் விரல்கள், அவற்றில் குளிர்ப்பெட்டிக்குள் கைவிட்டு வேலை செய்தவனின் சில்லிப்பு.

“ரெண்டு பர்சென்ட், தலைவி.”

“இல்ல.”

“படுத்தே இருக்கேன்.”

“இருக்க வேணாம். தப்பு என்னோடது. பதில் சொல்ல வேண்டியவ நான். கேக்கறதா இருந்தா என் வீட்டுக் கதவைத் தட்டு. இவ கைய விடு.”

விடவில்லை. மணிக்கட்டில் ஏதோ நெரிந்தது. வில்லை தேய்ப்பவளின் கை அது. முறிந்தால் வேலை போய்விடும். பிடிபட்ட கையை அவளிடமே விட்டுவிட்டு, மறு கையின் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். காரணம்: தலைவியின் பிழை. ஒருமுறை படித்துச் சரிபார்த்தேன். உறுதி செய்தேன்.

‘பஞ்சு குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.’

திரை கறுத்தது. வெள்ளை அங்கி கடைசியாக மறைந்தது. முகம் அதற்கும் பிறகு.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், நீருக்குள்ளிருந்து மேலே வந்தவளைப் போல. கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பதினெட்டு.

“ஏங்கா அழறீங்க?”

சொன்னேன். குழுவிடம் சொன்னதை அவளிடம் மீண்டும், எதையும் மெருகேற்றாமல் சொன்னேன்.

“நெஞ்சு சரியில்லன்னு சொன்னானா?”

“சொன்னான்.”

“நீங்க இருன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

அவள் வீங்கிய விரல்களை மடக்கி, விரித்து, மடக்கினாள். “எழுந்து போங்க.”

செருப்பை மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அது வந்தா என் கையப் பிடிச்சுக்க ஓர் ஆள் வேணும். அது நீங்கதான்.”

போனேன். ஒவ்வொரு ஞாயிறும் போனேன். மூன்று மணிக்கு அவள் எதிரே உட்கார்ந்து, அவள் கை தைப்பதைப் பார்த்தேன். கணினி உறங்கியது. அவள் என்னோடு பேசவில்லை. நான்காம் வாரம் மட்டும், குடிக்கத் தண்ணீர் வைத்தாள்.

என் வீட்டுக்குத் திரும்பினால்தான் தொல்லை.

அந்த விளையாட்டில் யார் வேண்டுமானாலும் புதுக் குழு தொடங்கலாம், பிறரை அழைக்கலாம். முதல் ஞாயிறு மாலை என் திரையில் ஓர் அழைப்பு காத்திருந்தது. குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. தலைவர்: பஞ்சு. உறுப்பினர்: ஒருவர். கீழே இரண்டு பொத்தான்கள், ஏற்கிறேன், மறுக்கிறேன். மறுத்தேன்.

இரண்டாம் ஞாயிறு, உறுப்பினர்: நால்வர். மறுத்தேன்.

மூன்றாம் ஞாயிறு, பதினேழு பேர். மறுத்துவிட்டு, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தேன். “உயிரோடதான் இருக்கேன்,” என்றார் பீரங்கி அண்ணன். “பஸ்ஸும் உயிரோட இருக்கு. ரெண்டும் எப்ப நிக்கும்னு எனக்கே தெரியாது. ஏம்மா?” காரணம் சொல்லவில்லை. எட்டுப் பேரும் நலம். அப்படியானால் அந்தப் பதினேழு பேர் யார் என்பது எனக்குத் தெரியாது.

நான்காம் ஞாயிறு, நாற்பது பேர். பெட்டியில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

மறுப்பு இருந்த இடம் வழவழப்பாக, ஒன்றுமே இருந்திராததுபோல் இருந்தது.

நாற்காலியை இழுத்து அதற்கு எதிரே போட்டேன். தட்டச்சு செய்ய இடமில்லை. ஆகவே வாய்விட்டுச் சொன்னேன்.

“வர மாட்டேன், பஞ்சு. நீயா இருந்தாலும் சரி. வேற எதுவா இருந்தாலும் சரி.”

கணினியை அணைத்தேன். திரையின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி மேசைமேல் வைத்தேன்.

இன்றோடு பதினோரு நாள். சுருட்டிய கம்பி வைத்த இடத்திலேயே இருக்கிறது. திரையில் அந்த அழைப்புப் பெட்டி அணையவில்லை. உறுப்பினர் எண்ணிக்கை நூற்று ஆறு; இதை எழுதும்போது நூற்று ஏழு. அதன் வெளிச்சத்தில்தான் இரவில் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறேன்.

நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை.