பாரவோன் விடுதியின் நாற்காலிகள்

“நீ ஒருக்கா உள்ள வந்து, வீட்டுக்கு வாங்கோ எண்டு கூப்பிடு. உடன எழும்பி வாறன்,” என்று அருமைநாதன் பாரவோன் சூதாட்ட விடுதியின் வாசலில் காரை விட்டு இறங்கும்போது சிரித்தார்.

“அந்த வாசலை நான் மிதிக்கமாட்டன். வேணுமெண்டா உங்கட பாரவோனோடயே குடியிருங்கோ,” என்றாள் அவர் மனைவி செலீன்.

அதுதான் அவர்களின் கடைசிப் பேச்சு. அன்று சூதாட்ட மெஷினுக்கு முன்னால், இருந்த இருப்பிலேயே அவருடைய மூச்சு நின்றது. நித்திரை என்றே மற்றவர்கள் நினைத்தார்களாம்.

பிறகு விடுதியையும் மூடிவிட்டார்கள். அதைத் துப்புரவாக்கும் வேலை 2007 தை மாதம் அவள் வேலைசெய்யும் கொம்பனிக்கே வந்தது. மறுத்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை, பூசையில் முழந்தாளிடும்போதெல்லாம் நாவில் வந்து நின்றது.

“அக்கா, குப்பையை வாகனத்தில ஏத்திப்போட்டு வாறன். பாரவோன் கூப்பிட்டா போயிடாதைங்கோ!” என்று சிரித்தபடி கூட வேலைசெய்யும் கிறேஸ் வெளியே போனாள்.

பின்னேரம்தான். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாகிவிட்டிருந்தது. நட்சத்திரம் தீட்டிய கூரையின் கீழ், சாந்தில் வார்த்த எகிப்திய சிலைகளுக்கு நடுவே, ஈரக் கம்பளமும் பழைய சிகரெட்டும் கலந்த வாடையில், செலீன் வாளியோடு திரும்பினாள். சற்று முன் சுவரைப் பார்க்க அவள் திருப்பி வைத்த உயர்ந்த முதுகு நாற்காலிகள் எல்லாம் இப்போது மெஷின்களைப் பார்த்து நின்றன.

“கிறேஸ்?”

மின்சாரம் வெட்டிய மண்டபத்தில் எங்கோ ஒரு மெஷினின் பொத்தான் அழுந்தியது. டக். இன்னொன்று. டக்.

இருமல் மிட்டாயின் வாசம் வந்தது. அவருடையது.

ஓரத்து நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சட்டைக்கை தெரிந்தது. அவள் ஒட்டுப் போட்ட சட்டைக்கை.

காத்திருக்கிறார். இன்னமும்.

கால்கள் ஓடச் சொல்லின. வாசலில் விட்டுவிட்டுப் போனவள் அவள்தானே. இன்னொரு தடவையா?

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ... வீட்டுக்கு வாங்கோ.”

பொத்தான்கள் நின்றன.

ஓரத்து நாற்காலி திரும்பியது. அதற்கு அடுத்ததும். அதற்கு அடுத்ததும். அவரைப்போலவே யாரும் வந்து கூப்பிடாத முகங்கள், வரிசை முழுக்க, நன்றியோடு அவளைப் பார்த்தன.

பிறகு எல்லோரும் எழுந்து, அவளோடு புறப்படக் கோட்டுகளை மாட்டத் தொடங்கினார்கள்.