உடைந்த முத்திரையின் சாட்சி

செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் நாற்காலியில் சாய்ந்தபடி செத்துப்போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மேஜையில் ஒரே ஒரு கோப்பை, ஒரே ஒரு தட்டு. திரையில் ‘அக்கா’ என்று மின்னியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தாள்.

“ஏன்டா தம்பி, ரெண்டு நாளா எடுக்கவே இல்ல?”

எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தால் என்ன... இதைச் சொல்ல மட்டும் நாக்கு எழுவதில்லை. சொன்னாள். அக்கா போனை வைக்கவில்லை.

செத்தவர் கணக்கில் புலி. ஒரு கிரிப்டோ நாணயத்துக்கு ஹாஷ் அல்காரிதம் எழுதியவர். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதற்கென்று ஒரு முத்திரை எண் தரும் கணக்கு அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அந்த நம்பிக்கையில்தான் ஆயிரக்கணக்கானோர் தங்கள் சேமிப்பை அதில் கொட்டியிருந்தார்கள். அக்காவும்தான்.

போலீசுக்குத் தகவல் சொன்னவன் நாணயக் கம்பெனி முதலாளி. செத்தவருக்கு இருந்த ஒரே சிநேகிதன். அந்த அறையிலேயே நின்று தற்கொலைதான் என்று சாதித்தான். ஆதாரமாக ஓர் ஒலிப்பதிவைப் போட்டான்.

செத்தவரின் குரல்!

“என் அல்காரிதத்த நானே உடைச்சிட்டேன். இனிமே ஒரு கோப்ப மாத்திட்டு, பழைய எண்ணையே யாரு வேணா வரவழைக்கலாம்... எனக்குன்னு யாருமே இல்ல. போறேன்.”

போன் இன்னும் இன்ஸ்பெக்டரின் கையில்தான் இருந்தது. அக்கா கேட்டுவிட்டாள்.

“யாருமே இல்லன்னா சொன்னான்?”

குரலை வெட்டி ஒட்டியிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் முதலாளியைக் கேட்டாள்.

“சான்ஸே இல்ல மேடம். பேசி முடிச்சதும் அவனே முத்திரை எண்ணப் பதிஞ்சு வெச்சிருக்கான். இந்தப் பதிவுக்கும் அதே எண்தான் வருது. சரிபாருங்க.”

“எந்த அல்காரிதத்துல?”

“எங்களோடதுலதான்.”

“உடைஞ்சிடுச்சுன்னு இப்பதானே சொன்னாரு?”

முதலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். அந்த எண்ணைக் காட்டியே ஊர் வாயை அடைத்துப் பழகியவன்... பழக்கதோஷம் காலை வாரிவிட்டது.

“அது உடைஞ்சிருந்தா இந்த எண் சாட்சியே இல்ல. உடையலன்னா அவரு சாகக் காரணமே இல்ல. உங்களுக்கு எது வசதி?”

அரை மணி நேரத்தில் கக்கிவிட்டான். அல்காரிதம் உடைந்தது நிஜம்தான்; எல்லோரையும் உடனே எச்சரிக்க வேண்டும் என்றாராம் செத்தவர். முதலில் தன் நாணயங்களை விற்றுக்கொள்ள இவன் அவகாசம் கேட்டிருக்கிறான். அவர் மறுக்கவே, காபியில் விஷம். ‘யாருமே இல்ல’ என்றது என்றோ அவனிடம் புலம்பிய பேச்சு. அதை வெட்டி ஒட்டிவிட்டு, உடைந்த கணக்கை வைத்தே பழைய எண்ணை வரவழைத்திருக்கிறான்.

அக்காவுக்கு அனுப்பவென்று அவர் பேசிவைத்திருந்த அசல் பதிவு முதலாளியின் போனிலேயே கிடைத்தது. அதன் கடைசி வரியை அக்காவுக்குப் போட்டுக் காட்டினாள்.

“அக்கா, உன் பணத்த முதல்ல எடுத்துடு. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரேன். உங்கிட்ட உக்காந்து பேசணும் போல இருக்கு.”

அக்கா அப்போதுதான் அழுதாள். இன்ஸ்பெக்டர் போனை வைக்காமல், அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.

பிறகு முதலாளியின் கையில் விலங்கை மாட்டினாள்.

“ரொம்பப் பழைய மாடல்தான் சார். ஆனா இத இன்னும் யாரும் உடைக்கல.”